சீப்பை நிக்க வெச்ச கதை

ஏனுங்க, இங்க ஆளு வருதுங்களா? இல்லீங்களா? அப்பச் சித்த அக்கட்ட நகந்துக்குங்க. எங்க போறீங்க, ஓசூருங்களா? நல்லதாப் போச்சு, நெம்ப தூரம் இருக்குது. காதுல என்னங்க, பாட்டா? கேளுங்க கேளுங்க, எனக்கொண்ணும் இல்ல. ஓ, கழட்டிட்டீங்களா. அதுவும் நல்லதுதான், பாட்டு எங்கீங்க ஓடிப்போகுது.

என்ற பேரு குழந்தைவேலு. கோயமுத்தூர்ல மலையடிவாரத்துல ஒரு ஆராய்ச்சி நிலையத்துல லேசர் லேப்புங்க. அங்க நான் டெக்னிகல் அசிஸ்டென்ட், காண்ட்ராக்ட்டு. அங்க நான் என்ன பண்றேன்னு கேப்பீங்க. கேக்கலீங்களா? இருக்கட்டும், சொல்றேன்.

ஒரு சிப்புங்க. விரல் நகத்துல பாதிதான் இருக்கும். அதுல கண்ணுக்கே தெரியாத ஒரு வளையம். அந்த வளையத்துக்குள்ள லேசர் வெளிச்சத்தைச் சுத்த விடறோம். உள்ள போறது ஒரே நிறம்தான். எல்லாம் சரியா அமைஞ்சா வெளிய வர்றது நூத்துக்கணக்குல நிறம், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரே சீரா இடைவெளி. ஸ்கிரீன்ல பாத்தீங்கன்னா சீப்புல பல்லு நிக்கற மாதிரியே நிக்கும். அதனால அதுக்குச் சீப்புன்னே பேரு. அது ஆடாம அசையாம நின்னுச்சுன்னா, அதை வெச்சு வெளிச்சத்தோட துடிப்பையே எண்ணிப்போடலாம். அப்படியாப்பட்ட கடிகாரம் செய்யலாம். ஆனா நிக்கோணும். நிக்காதுங்க, அதுதான் கதையே.

ஏன் நிக்காதுன்னா, நீங்க புள்ளைங்களைத் தூரியில வெச்சு ஆட்டிருப்பீங்க. தூரிக்குன்னு ஒரு தாளம் இருக்குதுங்களா, நம்ம தள்ளற தாளமும் அதுக்கு ஒத்துப்போகோணும். அதே மாதிரி வளையத்துக்கு ஒரு தாளம், லேசருக்கு ஒரு தாளம். ஆனா இதுல ஒரு கோணக்குணம். ரெண்டும் ஒரேயடியா ஒண்ணாயிரவும் கூடாது. லேசர் ஒரு நூலிழை மெதுவா இருக்கோணும். அந்த நூலிழைக்குத்தான் விலகல்னு பேரு. விலகல் ஜாஸ்தியாச்சுன்னா சீப்பு செத்துப்போகும். நெம்ப ஒட்டிப்போச்சுன்னா பல்லெல்லாம் கலங்கிப்போகும். மாமியாரும் மருமகளும் குடியிருக்கற மாதிரி வெச்சுக்குங்க. போதாக்கொறைக்கு வெளிச்சம் சுத்தச் சுத்த வளையம் சூடாகுது, சூடானா அதோட தாளமே மாறிப்போகுது.

எங்க சாரு தேவசகாயம், நாகர்கோயில்காரரு. நெம்ப மெதுவாப் பேசுவாரு. அவரு பேசறதைக் கேக்கோணும்னா குனியோணும். அவருகிட்ட மெஹருன்னிசான்னு ஒரு பொண்ணு, உடுமலைப் பக்கம், இந்தச் சீப்புலதான் பி.எச்.டி. பண்ணுது. தங்கமான புள்ளைங்க. என்னை அண்ணா அண்ணான்னுதான் கூப்பிடும். அது படற பாடு கொஞ்சநஞ்சமில்ல. ஏன்னா புராஜெக்ட்டைப் பாக்கற கமிட்டி போன தடவை வந்தப்பவே சொல்லிட்டாங்க, அடுத்த தடவை வர்றப்ப சீப்பு நிக்காட்டி இழுத்து மூடிருவோம்னு. மூடினா அந்தப் புள்ளைக்கு தீசிஸ் இல்ல, அத்தனை வருஷப் படிப்பும் தண்ணியில போச்சு. எனக்கும் வேலை இல்ல. என்னை விடுங்க, நான் எப்படியோ பொழச்சுக்குவேன். அந்தப் புள்ளைய நெனச்சாத்தான் வெசனம்.

நான் என்ற பங்குக்கு ஒரு கொறையும் வெக்கல. இந்த வளையத்துக்குள்ள வெளிச்சத்தை விடறதுக்கு மயிரிழை மாதிரி ஒரு கண்ணாடி நாரை சிப்போட ஓரத்துல கொண்டுபோய் நேர்ப்படுத்தோணும். அதை எங்க லேப்ல நான்தான் பண்ணுவேன். வேற யாரு கைக்கும் அது அடங்காது. அதனாலதான் என்னை லேப்பை விட்டு அனுப்பவே முடியாதுன்னு சாரே ஒரு தடவை பெருமூச்சு விட்டுச் சொன்னாரு.

இன்னொண்ணு, லேசர் லேப்ல ஒரு சட்டம் இருக்குதுங்க. லேசரைப் போடறதுக்கு முந்தி "லேசர் ஆன்"னு வாய்விட்டுச் சொல்லோணும், எல்லாரும் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கோணும். மத்தவங்க அதைக் கடனேன்னு முணுமுணுத்துட்டுப் போவாங்க. எனக்கு அந்தப் பழக்கமே கெடையாது. எங்க பக்கத்துல எந்த ஊருல கபடி நடந்தாலும் கமெண்ட்ரி நான்தானுங்க. கரண்டு போனாலும் ஆட்டம் நிக்காது, மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேக்கும். நான் "லேசர் ஆன்"னு சொன்னா மேல் மாடியில இருக்கறவங்க கூடக் கண்ணாடி மாட்டிக்குவாங்க.

அதோட விடுவனுங்களா? லேசரோட தாளத்தை மெல்ல மெல்ல நகத்திட்டு வருவாங்க. ஸ்கிரீன்ல மொதல்ல குப்பையாத்தான் இருக்கும். திடீர்னு சுத்தமா, அத்தனை பல்லும் ஒட்டுக்கா எந்திரிக்கும். பாக்கோணுமே நீங்க! எனக்குப் புல்லரிச்சுரும். "எந்திரிச்சுருச்சு, எந்திரிச்சுருச்சு, அடிச்சாம்பாரு மெஹரு, சீப்பு நிக்குதய்யா நிக்குது!"ன்னு எடுத்து விடுவேன். நான் முடிக்கறதுக்குள்ள பொத்துனு விழுந்துரும்.

ஒருக்கா இல்ல ரெண்டுக்கா இல்ல. ஒவ்வொரு தடவையும். எந்திரிக்கும், நான் உற்சாகப்படுத்துவேன், விழுந்துரும். அப்படி ஒரு நன்றிகெட்ட சீப்புங்க.

நான் விடல, காரணத்தைக் கண்டுபுடிச்சேன். பக்கத்து லேப்ல நாகராஜன்னு ஒருத்தரு ஒரு பம்பு வெச்சிருக்காரு. நாளெல்லாம் கடகடகடன்னு ஓடும். அதோட அதிர்வுதான் செவுத்து வழியா வருதுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. நேராப் போயி கேட்டேன். அவரு என்னடான்னா, "குழந்தைவேலு, உன்ற சத்தத்துல என்ற பம்பு ஓடறதே எனக்குக் கேக்கல, ஓடுதா நின்னுபோச்சான்னு கை வெச்சுப் பாக்க வேண்டியதா இருக்குது"ங்கறாரு. எப்படித் திருப்பறாரு பாருங்க! பெரிய தகராறாப் போச்சு. கடைசியில ஒரு மத்தியானம் முழுக்கப் பம்பை நிறுத்தி வெச்சாரு. நான் லேப்புக்குள்ள வந்து மெஹருகிட்ட அந்தச் சண்டைய மொதல்லேர்ந்து விவரமாச் சொன்னேன், நான் என்ன கேட்டேன், அவரு என்ன சொன்னாரு, எல்லாம். அன்னிக்குச் சீப்பு எந்திரிக்கவே இல்லீங்க. பம்பை நிறுத்தியும் அதோட அதிர்வு செவுத்துலயே தங்கிருச்சுன்னா பாத்துக்குங்க, அது எவ்வளவு மோசமான பம்பு.

அப்பறம் திருஷ்டியா இருக்குமோன்னு ஒரு எலுமிச்சம்பழமும் மொளகாயும் கோத்து லேசர் மேசைக்கு மேல கட்டுனேன். சாரு வந்து அண்ணாந்து பாத்தாரு. அவுக்கச் சொல்லாமப் போயிட்டாரு. படிச்சவருங்க, ஆனாலும் நம்பிக்கை உள்ளவரு.

எலுமிச்சம்பழம் வேலை செஞ்சுதுங்களான்னு கேளுங்க. செஞ்சுது! கட்டுன வாரமே பெருந்துறைப் பக்கம் ஒரு கபடிப் போட்டி. பைனல்ல கத்துனதுல எனக்குத் தொண்டை மொத்தமாக் கட்டிப்போச்சு. டாக்டரு ஒரு வாரம் வாயே தொறக்கக் கூடாதுன்னுட்டாரு. நான் சைகையிலயே லேப்ல உக்காந்திருந்தேன். அந்த வாரம் முழுக்கச் சீப்பு நின்னுச்சுங்க! காலையில எந்திரிச்சா சாயங்காலம் வரைக்கும் நிக்குது. எனக்குச் சந்தோசம் தாங்கல, கத்தவும் முடியல. எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக் கும்புட்டுக்கிட்டேன்.

சாரு என்ற பக்கத்துல வந்து கையப் புடிச்சுக்கிட்டாரு. கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. "குழந்தைவேலு, உடம்பப் பாத்துக்கிடுங்க. அவசரப்பட்டுக் குணமாக வேண்டாம்"னாரு. எந்த மேலதிகாரிங்க இப்படிச் சொல்லுவாரு?

குரல் திரும்புன அன்னிக்கே எலுமிச்சம்பழத்தோட சக்தி தீந்து போச்சுங்க. பழம் வாடியிருந்துச்சு, அதுதான் காரணம்.

அந்த நேரத்துல மெஹரு ஒரு புது அளவையை ஏற்பாடு பண்ணி முடிச்சிருந்துச்சு. அது வரைக்கும் நாங்க சீப்பு நிக்குதா விழுந்துச்சான்னுதான் பாத்துட்டிருந்தோம். ஏன் விழுந்துச்சுன்னு தெரியாது, குருட்டாம்போக்குல போயிட்டிருந்தோம். அந்தப் புள்ள என்ன பண்ணுச்சுன்னா, விலகலையே நேரடியா, சீப்பு நிக்கறப்பவே அளந்தா என்னன்னு ரோசனை பண்ணுச்சு. லேசர் மேல நாமளே ஒரு சின்ன நடுக்கத்தை ஏத்தி விடறது. மெதுவான நடுக்கத்துலேர்ந்து வேகமான நடுக்கம் வரைக்கும் மாத்தி மாத்தி விட்டு, வளையம் எதுக்கு நல்லாப் பதில் சொல்லுதுன்னு பாக்கறது. ஸ்கிரீன்ல ரெண்டு மேடு தெரியும். ஒண்ணு உள்ள சுத்தற வெளிச்சத் துடிப்போடது, இன்னொண்ணு வளையத்தோடது. வளையத்தோட மேடு எந்த எடத்துல நிக்குதோ, அதுதான் அந்த நேரத்து விலகல். கையில நாடி புடிச்சுப் பாக்கற மாதிரி.

மொதல் நாளு அது வேலை செஞ்சப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். மேடு ஆடாம நின்னுட்டிருந்துச்சு. நான், "அட, என்ன அழகா நிக்குது பாரு மெஹரு!"ன்னேன். மேடு துள்ளிக் குதிச்சுச்சுங்க. அந்தப் புள்ள ஸ்கிரீனைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, மறுபடியும் ஸ்கிரீனைப் பாத்துச்சு.

"அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க"ன்னுச்சு. நிறுத்துனேன்.

"இப்ப ஏதாவது சொல்லுங்க."

"என்ன சொல்லோணும் கண்ணு?"ன்னேன்.

"அதுவே போதும்ணா. இன்னும் சொல்லுங்க. சத்தமா."

நான் அ, ஆ, இ, ஈலேர்ந்து ஆரம்பிச்சுச் சொன்னேன். அது பேனா கூட எடுக்கல, வாயத் தொறந்து ஸ்கிரீனையே பாத்துட்டு நின்னுச்சு. அப்பறம் சாரைக் கூட்டிட்டு வந்துச்சு. சாரும் பாத்தாரு. ரெண்டு பேரும் லேசர் பெட்டியத் தொட்டுத் தொட்டு என்னமோ குசுகுசுன்னு பேசிக்கிட்டாங்க. கடைசியில சாரு, "இவ்வளவு நாளும் இதுதானா?"ன்னு நாற்காலியில உக்காந்துட்டாரு. பம்பு விஷயம் அளவையில உறுதியாயிருச்சுன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். போயி நாகராஜன்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன்.

அதுலேர்ந்து எனக்கு மரியாதைங்க! மறுநாளே மேல் மாடியில எனக்குன்னு தனி ரூமு. காலையில வந்து நாரை மட்டும் நேர்ப்படுத்திக் குடுத்தாப் போதும், அதுக்கப்பறம் மேல போயி ரெஸ்ட் எடுங்கன்னு சாரே படி வரைக்கும் வந்து விட்டுட்டுப் போவாரு. கதவையும் அவரே சாத்துவாரு. காண்ட்ராக்ட்ல இருக்கற ஆளுக்கு இப்படி யாருக்கு நடக்கும், சொல்லுங்க.

ஆனா ஒண்ணு சொல்றேன், மரியாதை இருந்து என்னங்க பண்றது. அந்த ரூமுல பேச ஆளில்ல. கீழ சீப்பு எந்திரிக்கறதும் எனக்குத் தெரியாது, விழறதும் தெரியாது. ஊட்டுலயும் எங்கூட்டுக்காரம்மா டிவி போட்டா நான் சமையக்கட்டுல உக்காந்துக்கோணும். எனக்கு அழுகையே வந்துருச்சு ஒரு நாளு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், வந்துருச்சு.

அப்பத்தான் கமிட்டி வர்ற தேதி முடிவாச்சு. மெஹரு மாடியேறி வந்து என்ற முன்னாடி நின்னுச்சு. மூஞ்சியெல்லாம் வாடிப்போயிருந்துச்சு. "அண்ணா, விலகலை அளக்க முடியுது. அளந்ததை வெச்சு லேசரைத் தானாவே திருத்தற சர்க்யூட்டும் போட்டுட்டேன். மேடு இந்தப் பக்கம் நகந்தா லேசரை அந்தப் பக்கம் இழுக்கும். அமைதியா இருந்தா அருமையா நிக்குது. ஆனா கமிட்டிக்காரங்க வந்தா சும்மாவா நிப்பாங்க? போன தடவை அவங்க பேசினதுலயே விழுந்துடுச்சு. இதை எப்பேர்ப்பட்ட தொந்தரவுக்கும் தாங்கற மாதிரி பழக்கணும். நீங்க வந்தாத்தான் முடியும்"னுச்சு.

"நான் என்ன கண்ணு பண்ணோணும்?"னேன்.

"பக்கத்துல நின்னு பேசணும்ணா. நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

சொன்னா நம்ப மாட்டீங்க, என்ற வாழ்க்கையில யாரும் அந்த வார்த்தைய என்கிட்டச் சொன்னதே இல்லீங்க. படியில நான் எறங்குனனா பறந்தனான்னு தெரியல.

பேசுனேன். கபடியப் பத்திப் பேசுனேன், என்ற தங்கச்சி கல்யாணத்துல பந்தியில நடந்த தகராறைப் பேசுனேன், என்ற மச்சான் போர்வெல் போட்டு வெறும் மண்ணா வந்ததைப் பேசுனேன். அந்தப் புள்ள ஒரு கையில சர்க்யூட்டுத் திருகைத் திருப்பிட்டு, மேட்டையே பாத்துட்டு நிக்கும். கபடிக்கு மேடு லேசா ஆடுச்சு, சர்க்யூட்டு புடிச்சு நிறுத்திருச்சு. பந்தித் தகராறுக்குக் கொஞ்சம் தடுமாறிச்சு, தாக்குப் புடிச்சுச்சு. போர்வெல்லுக்கு விழுந்துருச்சு. மனசுள்ள எந்தச் சீப்புங்க அந்தக் கதையக் கேட்டு நிக்கும்? மெஹரு, "அண்ணா, அந்தப் போர்வெல் கதையவே திரும்பச் சொல்லுங்க, மச்சான் கத்துற எடத்துலேர்ந்து"ன்னும். நான் சொல்லுவேன். விழும். திருகைத் திருப்பும். சொல்லுவேன். தொண்டைக்கு இதமாச் சுக்குக் காப்பி வெச்சுக் குடுக்கும் அந்தப் புள்ள. ஒரு நாளு போர்வெல் கதை முழுக்க முடிஞ்சும் சீப்பு அப்படியே நின்னுச்சு. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கிட்டோம். "அழுதுட்டீங்களாண்ணா?"ன்னுச்சு. "நீயுந்தான்"னேன்.

கமிட்டி வந்துச்சுங்க. தலைவி கோமளவல்லின்னு ஒரு அம்மா, டெல்லியில பெரிய ஆளு, சிரிக்கவே மாட்டாங்க. சீப்பு நின்னுட்டிருந்துச்சு. அந்தம்மா சுத்தி வந்து பாத்துட்டு, "நல்லாத்தான் நிக்குது. ஆனா யாரும் மூச்சு விடாத ரூம்ல நிக்கறது ஒரு சாதனையா? இது வெளிய போயி வேலை செய்யணும். வெளிய சத்தம் இருக்காதா?"ன்னு கேட்டாங்க. சாரு என்னைத் திரும்பிப் பாத்து, "குழந்தைவேலு, உங்களுக்கு இஷ்டப்பட்டதைப் பேசுங்க"ன்னாரு.

நான் தொண்டையச் செருமிக்கிட்டேன். "அன்பான கபடி ரசிகப் பெருமக்களே!"ன்னு ஆரம்பிச்சேன் பாருங்க, கமிட்டியில ஒருத்தரு மேசை மேல வெச்சிருந்த கண்ணாடி கீழ விழுந்துருச்சு. மேடு துடிதுடின்னு துடிச்சுச்சு. சீப்பு நிக்குது. நான் இன்னும் ஏத்துனேன். சீப்பு நிக்குது. அந்தம்மா கையக் காட்டி, "போதும்"னாங்க. நான் உற்சாகப்படுத்தறாங்கன்னு நெனச்சு இன்னும் மேல போயிட்டேன்.

அந்த நேரம் பாத்துக் கதவை ஒதச்சுட்டு நாகராஜன் வந்தாருங்க. "யோவ் குழந்தைவேலு, அங்க மனுசன் வேலை பாக்கறதா வேண்டாமா?"ன்னு. எனக்கு வந்துச்சே கோவம்! கமிட்டியாவது ஒண்ணாவது. "உன்ற பம்பாலதான்யா இத்தனை நாளும் இந்தப் புள்ளையோட வேலை கெட்டுது"ன்னு நான், "என்ற பம்பு உன்ற வாயை விடச் சின்னது"ன்னு அவரு. சிப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்னு ரெண்டு பேரும் தொண்டை கிழியக் கத்துனோம். அவரு மேசையக் குத்துனாரு, நானும் குத்துனேன். ரூமே அதிருது. மேடு கெடந்து பறக்குது, சர்க்யூட்டு இழுக்குது, பறக்குது, இழுக்குது. சீப்புல ஒரு பல்லு அசையலீங்க!

கோமளவல்லி அம்மா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, "புராஜெக்ட்டுக்கு எக்ஸ்டென்ஷன் குடுத்தாச்சு! குடுத்தாச்சு! இவங்களை முதல்ல வெளிய கூட்டிட்டுப் போங்க!"ன்னு கத்துனாங்க. அவங்க கத்துனதுக்கும் சீப்பு விழல. சாரு சத்தமாச் சிரிச்சு நான் அன்னிக்குத்தான் பாத்தேன். மெஹரு தரையில உக்காந்து அழுதுட்டே சிரிச்சுட்டிருந்துச்சு.

தீசிஸ் குடுத்துருச்சுங்க அந்தப் புள்ள. கட்டுரையும் வெளிவந்துச்சு. அதுல கருவியெல்லாம் எப்படி எப்படி வெச்சிருந்தோம்னு ஒரு படம் போட்டிருக்காங்க. லேசர் ஒரு பெட்டி, வளையம் ஒரு பெட்டி, சர்க்யூட்டு ஒரு பெட்டி. அதுக்குப் பக்கத்துல "கே.வி."ன்னு ஒரு பெட்டி, அதுலேர்ந்து ஒரு அம்புக்குறி நேரா லேசருக்குப் போகுது. கே.வி. யாருங்க? குழந்தைவேலு! ஆராய்ச்சிக் கருவியோட கருவியா என்னையும் சேத்துட்டாங்க. நாகராஜனுக்கு அதுல பெட்டி இல்ல. அவருக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான், நானே போயி சமாதானம் சொன்னேன்.

அந்தப் படத்தைப் பாத்துட்டுப் பெங்களூர்ல ஒரு இன்ஸ்டிட்யூட்லேர்ந்து சாருக்கு போன் பண்ணிருக்காங்க. அவங்களும் ஒரு சீப்பு வெச்சிருக்காங்களாம். கே.வி.ய எங்க வாங்குனீங்க, எங்களுக்குக் கொஞ்ச நாளைக்குக் கெடைக்குமான்னு கேட்டாங்களாம். சாரு விளக்கிச் சொல்லி, என்னையவே அனுப்பறேன்னுட்டாரு. அங்கதானுங்க போயிட்டிருக்கேன். அழைப்புச் சொற்பொழிவு!

தலைப்பு என்னங்கன்னு கேட்டேன். தலைப்பெல்லாம் வேண்டாம்னுட்டாங்க. எத்தனை பேரு கேப்பாங்கன்னேன். ரூமுல யாரும் இருக்க மாட்டோம், நாங்க எல்லாரும் அடுத்த கட்டடத்துல இருந்து ஸ்கிரீன்ல பாத்துக்கறோம்ங்கறாங்க. அவ்வளவு கூட்டம் வரும்போல, ரூமு பத்தாது. எவ்வளவு நேரம் பேசலாம்னு கேட்டேன். அதை மட்டும் மெதுவாத்தான் கேட்டேனுங்க. ஏன்னா இந்த அம்பது வயசுக்குள்ள நான் பேசாத ஆளில்ல, எல்லாரும் பாதியில எந்திரிச்சுப் போனவங்கதான். கட்டுன பொண்டாட்டி உள்பட. அந்தாளு போன்ல என்ன சொன்னாருன்னு நெனைக்கறீங்க?

"சார், நீங்களா நிறுத்தற வரைக்கும்"னாரு.